எப்போது தடக்குகிறது? புதுக் கணினியில் விளையாட்டு திணறும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி

கல்லடியில் இருக்கும் என் தங்கையின் மகன் உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு சொந்தமாக ஒரு கணினி பூட்டினான். தகப்பன் கட்டாரிலிருந்து அனுப்பிய காசும் தாய் கட்டிவந்த சீட்டும் அதற்குள் போயின. பாகங்களில் பாதி கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தன. மீதியை மட்டக்களப்பு நகரிலேயே வாங்கினான். முன் விறாந்தையில் பாயை விரித்து, இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் இருந்து பூட்டி முடித்தான். முதல் தடவையிலேயே திரையில் வெளிச்சம் வந்தது. அந்தச் சந்தோசம் மூன்றாம் நாள் இரவு வரைதான் நீடித்தது.

"மாமா, 110 எஃப்பிஎஸ் காட்டுகிறது. ஆனால் விளையாட்டு தடக்கித் தடக்கித்தான் ஓடுகிறது" என்று தொலைபேசியில் சொன்னான். குரல் உடைந்திருந்தது. ஒரு கடையில், திரைக்குப் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கூட்டாளி, கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் போதாது என்றிருக்கிறான். இன்னொருவன் விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறான். தங்கைக்கு வேறு கவலை: இவ்வளவு காசும் வீணாகிவிட்டதா? நான் வரும்வரை எதையும் வாங்காதே, எதையும் அழிக்காதே என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். அன்று அவனுக்குச் சொன்னவற்றைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். காத்தான்குடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இதே நிலையில் இருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் அந்த 110 என்ற எண்ணைப் பார்ப்போம். விளையாட்டுத் திரையில் நாம் காணும் அசைவு, ஒன்றன்பின் ஒன்றாக வரும் நிலைப்படங்களால் ஆனது. அப்படி ஒரு படத்தைப் பிரேம் என்கிறோம். ஒரு செக்கனில் எத்தனை பிரேம் வந்தது என்ற கணக்கே எஃப்பிஎஸ். அது ஒரு சராசரி. சராசரிக்குள் எதையும் ஒளித்துவைக்கலாம்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு மணித்தியாலத்துக்கு 12 பஸ் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நல்ல சேவைதான். ஆனால் அந்தப் 12 பஸ்ஸும் முதல் அரை மணித்தியாலத்திலேயே ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போய்விட்டால்? அடுத்த அரை மணித்தியாலம் களுவாஞ்சிக்குடி தரிப்பிடத்தில் வெயிலில் நிற்பவருக்கு அந்த 12 என்ற எண்ணால் என்ன பயன்? கணக்கும் சரி, அவர் நின்றதும் உண்மை.

கணினியிலும் அதுவே நடக்கிறது. ஒரு செக்கன் என்பது 1000 மில்லிசெக்கன். அதில் 99 பிரேம்கள் தலா 8 மில்லிசெக்கனில் வந்துவிடுகின்றன, மொத்தம் 792. நூறாவது பிரேம் மட்டும் 208 மில்லிசெக்கன் எடுத்துக்கொள்கிறது. கூட்டினால் ஒரு செக்கனில் சரியாக 100 பிரேம். மூலையில் இருக்கும் எண் 100 என்று காட்டும். ஆனால் அந்த ஐந்தில் ஒரு செக்கன் திரை உறைந்து நிற்கும். எதிரி அந்த இடைவெளியில் உங்களைச் சுட்டுவிட்டுப் போயிருப்பான். ஆங்கிலத்தில் ஸ்டட்டர் என்று சொல்வது இந்த உறைவைத்தான். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் தடக்குகிறது என்கிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. நன்றாக நடந்துகொண்டிருப்பவனின் கால் கல்லில் தட்டுவது போன்ற ஒன்றுதான் இது.

ஆகவே பார்க்க வேண்டியது ஒவ்வொரு பிரேமும் எடுத்துக்கொள்ளும் நேரம். ஆங்கிலத்தில் பிரேம் டைம். கணினிப் பாகங்களை ஆராய்ந்து எழுதுபவர்கள்கூட நெடுங்காலம் சராசரியை மட்டுமே பார்த்துவந்தார்கள். 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் ஒவ்வொரு பிரேமின் நேரத்தையும் தனித்தனியாக அளந்து எழுதிய பிறகுதான் இந்தப் பார்வை பரவியது. செக்கனுக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிசெக்கன், 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 6.9. இந்த எல்லையைச் சற்றுத் தாண்டினால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. திடீரென்று ஐந்து மடங்கு, பத்து மடங்கு தாண்டினால்தான் தடக்கும்.

இதை அளக்க எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதனோடு ரிவாடியூனர் என்ற துணை மென்பொருளும் வரும். எந்த நிறுவனத்தின் கிராபிக்ஸ் கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். அதன் அமைப்புகளில் பிரேம் டைம் என்பதைத் தெரிவுசெய்து, எண்ணாக இல்லாமல் வரைபடமாகக் காட்டச் சொல்லுங்கள். கோடு காற்றில்லாத நேரத்து வாவித் தண்ணீர் போலத் தட்டையாகக் கிடந்தால் நலம். மருமகனின் கணினியில் அது மீன்முள் போல இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் 110 என்ற எண்ணில் இருந்த நம்பிக்கையை அவன் விட்டான்.

அதே மென்பொருள் 1 சதவீதத் தாழ்நிலை என்றொரு எண்ணையும் தரும். நூறு பிரேம்களில் மிக மோசமான ஒன்றின் வேகம் என்று அதைப் புரிந்துகொண்டால் போதும். சராசரி 110, தாழ்நிலை 75 என்றால் கவலையில்லை. சராசரி 110, தாழ்நிலை 22 என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது. அவனுடையது இரண்டாவது வகை.

இணையமா, கணினியா?

மேலே போகுமுன் ஒன்றைப் பிரித்துவைக்க வேண்டும். இணையவழி விளையாட்டுகளில் வலையமைப்பின் தாமதமும் திணறலாகத்தான் தோன்றும். அதற்கு கிராபிக்ஸ் கார்டை மாற்றுவது, பல்வலிக்குக் கண்ணாடி போடுவது போன்றது.

வேறுபடுத்தும் வழி மிக எளிது. ஓரிடத்தில் நின்று மவுஸை மட்டும் அசைத்துச் சுற்றிலும் பாருங்கள். பார்வை வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, ஆனால் மற்ற ஆட்டக்காரர்கள் தாவித் தாவி நகர்கிறார்கள், அல்லது நீங்கள் நடந்த தூரம் மீண்டும் பின்னுக்கு இழுக்கப்படுகிறது என்றால் அது இணையம். பார்வையைத் திருப்பும்போதே திரை உறைகிறது என்றால் அது கணினி. பிரேம் டைம் கோடு தட்டையாக இருக்கும்போது விளையாட்டு திணறினாலும் இணையத்தையே சந்தேகிக்கலாம்.

இங்கிருந்து பெரும்பாலும் சிங்கப்பூர் அல்லது மும்பை சேவையகங்களோடுதான் இணைகிறோம். கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர்தான் செல்லும். ஆகவே போய் வரவே குறைந்தது 27 மில்லிசெக்கன் ஆகும். எந்தப் பாகத்தை வாங்கினாலும் அதைக் குறைக்க முடியாது. ஆனால் வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறினால் தாமதம் ஏறி இறங்குவது பெருமளவு நிற்கும். தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் விளையாடுபவர்கள் முதலில் அதைச் செய்துபார்க்கட்டும்.

பரியாரியாரின் கேள்வி

என் சிறுவயதில் காய்ச்சல் என்று போனால் எங்கள் ஊர்ப் பரியாரியார் நெற்றியைத் தொடுமுன் ஒன்று கேட்பார்: எப்போது வருகிறது? காலையிலா, பின்னேரத்திலா, ஒன்றுவிட்ட நாளா? ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரோடு வந்தால் அது மலேரியா என்று ஊருக்கே தெரியும். வரும் நேரம் நோயைப் பாதி சொல்லிவிடும்.

கணினியின் தடக்கலுக்கும் அதே கேள்விதான். எந்தப் பாகம் பழுது என்று தொடங்கினால் கடைக்குத்தான் போய்ச் சேருவீர்கள். எப்போது தடக்குகிறது என்று தொடங்கினால் பெரும்பாலும் வீட்டிலேயே முடிந்துவிடும். ஓர் அரை மணித்தியாலம் விளையாடி, ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த நிமிடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது, எவ்வளவு நேரம் உறைந்தது. அவனை எழுதவைத்தேன். முதல் பத்து நிமிடத்திலேயே இரண்டு விதமான தடக்கல் இருப்பது தெரிந்தது. எல்லா நேரமும் சிறு சிறு நடுக்கம் ஒன்று. புதிய இடத்துக்குள் நுழையும்போது வரும் பெரிய உறைவு இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

எல்லா நேரமும் இருக்கும் நடுக்கம் புதுக் கணினிகளில் மிகப் பெரும்பாலும் அமைப்புத் தவறு. முதலில் திரையின் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். அது கிராபிக்ஸ் கார்டின் துளையில் இருக்க வேண்டும். கடைகளில் மதர்போர்ட் என்று சொல்லும் தாய்ப்பலகையின் துளையில் செருகினால், கணினியின் மூளையான புரொசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் அடங்கியிருந்தால் படம் வரத்தான் செய்யும். ஆனால் வாங்கிய கார்ட் பெரும்பாலும் சும்மா கிடக்க, புரொசசருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ் பகுதி அத்தனை சுமையையும் தனியே இழுக்கும். அடுத்து, விண்டோஸின் திரை அமைப்புகளில் புதுப்பிப்பு வீதத்தைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் திரையை வாங்கி, விண்டோஸ் 60இல் வைத்திருப்பதை அறியாமல் மாதக்கணக்கில் விளையாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மருமகனுக்கு இவை இரண்டும் சரியாக இருந்தன. அவனுடைய தவறு ரேமில் இருந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகப் பூட்டுபவர்கள் அதிகமாக விழும் பள்ளம் இதுதான்.

இன்றைய சாதாரணத் தாய்ப்பலகைகளில் புரொசசருக்கும் ரேமுக்கும் இடையே இரண்டு பாதைகள் இருக்கின்றன. ரேம் செருகும் இடம் நான்கு இருந்தால், இரண்டு இடங்கள் ஒரு பாதைக்கும் மற்ற இரண்டு மறு பாதைக்கும் உரியவை. இவன் இரண்டு 8 ஜிகாபைட் ரேம்களையும் புரொசசருக்கு அருகிலிருந்த முதலாம், இரண்டாம் இடங்களில் அடுத்தடுத்துச் செருகியிருந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டும் ஒரே பாதையில். மற்றப் பாதை வெறுமையாகக் கிடந்தது.

எங்கள் பழைய கல்லடிப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1924இல் கட்டிய அந்தப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போகலாம். மறுபக்கத்தார் காத்திருக்க வேண்டும். 2013இல் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்த பிறகு இருபக்கமும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. வாகனங்களின் வேகம் அப்படியே இருக்க, காத்திருப்புத்தான் போனது. புதிய பாலம் இருந்தும் பழைய பாலத்திலேயே வரிசை கட்டுவது போலத்தான் அவனுடைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. நான்கு இடங்கள் உள்ள பலகையில் இரண்டு ரேம்களைப் புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் இடங்களில் போட வேண்டும். பலகையோடு வரும் சிறுபுத்தகத்தில் அது படத்துடன் இருக்கும். சிபியு-இசட் என்ற சிறிய இலவச மென்பொருளும் எத்தனை பாதைகள் வேலை செய்கின்றன என்பதைச் சொல்லிவிடும்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. பெட்டியில் 3200 என்று போட்டிருந்த ரேம், விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் 2400 என்று காட்டியது. இது பழுது அல்ல, கடைக்காரர் ஏமாற்றவும் இல்லை. எந்தப் பலகையிலும் பத்திரமாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக ரேம்கள் முதலில் குறைந்த பொது வேகத்தில்தான் இயங்கும். வாங்கிய வேகம் வேண்டுமென்றால் பயோஸ் என்ற, தாய்ப்பலகையின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரைக்குள் போய் அதற்குரிய அமைப்பை நாமே இயக்க வேண்டும். இன்டெல் வழக்கில் அதன் பெயர் எக்ஸ்எம்பி. டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் போடும் ஏஎம்டி பலகைகளில் எக்ஸ்போ. சில பலகைகளில் டிஓசிபி என்றும் இருக்கும். கணினி தொடங்கும்போது டிலீட் விசையைத் தட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலான பலகைகளில் பயோஸ் திறக்கும். மாற்றிய பின் கணினி கிளம்பவில்லை என்றால் பயப்பட வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, பலகையிலுள்ள வட்டப் பற்றரியைச் சில நிமிடங்கள் கழற்றிப் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இந்த இரண்டு திருத்தமும் எவ்வளவு பெரியவை என்பதைக் கணக்கே சொல்கிறது. 2400 வேகத்தில் ஒரு பாதை: செக்கனுக்கு 19.2 ஜிகாபைட். 3200 வேகத்தில் இரண்டு பாதைகள்: 51.2 ஜிகாபைட். ஒரு ரூபாய் செலவில்லாமல் இரண்டரை மடங்குக்கு மேல். சிறு நடுக்கம் அன்றைக்கே நின்றது. தாழ்நிலை எண் 22இலிருந்து 70க்கு மேல் ஏறியது. சராசரி உயர்ந்தது கொஞ்சம்தான். ஆனால் விளையாட்டு வேறொரு கணினியில் ஓடுவது போல இருந்தது.

புதிய இடத்துக்குள் நுழையும்போது வரும் உறைவுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று சேமிப்பு. மருமகன் விண்டோஸை, சுழலும் பாகம் இல்லாத புதுவகைச் சேமிப்பான எஸ்எஸ்டியில் போட்டுவிட்டு, இடம் போதாமல் விளையாட்டை மட்டும் வீட்டில் கிடந்த பழைய வன்தட்டில் வைத்திருந்தான். வன்தட்டுக்குள் ஒரு தட்டுச் சுழல்கிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன். வாசிக்கும் முனை நகர்ந்து, வேண்டிய இடம் சுழன்று வந்து சேரவே பத்துக்கு மேற்பட்ட மில்லிசெக்கன் போய்விடும். ஒரேயொரு தேடலுக்கே ஏறத்தாழ ஒரு பிரேமின் நேரம். புதிய தெருவுக்குள் நுழையும்போது விளையாட்டு அப்படி நூற்றுக்கணக்கான தேடல்களைக் கேட்கிறது. எஸ்எஸ்டியில் அதே தேடல் ஒரு மில்லிசெக்கனின் பத்தில் ஒரு பங்களவில் முடியும். படங்களையும் பாட்டையும் வன்தட்டில் வையுங்கள், விளையாடும் விளையாட்டை எஸ்எஸ்டியில் வையுங்கள். எஸ்எஸ்டியையும் வாய்வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள், நிரம்ப நிரம்ப அதன் எழுதும் வேகம் குறையும்.

மற்றக் காரணம் ஷேடர் தொகுப்பு. ஒளி எப்படி விழ வேண்டும், தண்ணீர் எப்படி மின்ன வேண்டும் என்பதற்கெல்லாம் ஷேடர் என்ற சிறு நிரல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டுக்கும் மொழி வேறு என்பதால், உங்கள் கார்டுக்கு ஏற்ப அவை உங்கள் கணினியிலேயே மொழிபெயர்க்கப்பட வேண்டும். விளையாட்டும் கார்டும் பேசிக்கொள்ளும் புதிய முறைகளான டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் ஆகியவற்றின் காலத்து விளையாட்டுகளில் இந்த வேலை கூடிவிட்டது. சில விளையாட்டுகள் தொடக்கத்திலேயே ஷேடர்களைத் தயார்செய்கிறோம் என்று சில நிமிடங்கள் காத்திருக்கச் சொல்லும். பொறுமையாக இருங்கள், அதைத் தாண்டிப் போகாதீர்கள். வேறு சில, முதல் குண்டு வெடிக்கும் அந்தக் கணத்தில்தான் வெடிப்புக்குரிய ஷேடரைத் தொகுக்கத் தொடங்கும். திரை உறையும். இதற்குக் காரணம் விளையாட்டை ஆக்கியவர்களின் கவனக்குறைவு. உங்கள் கணினியில் பிழை இல்லை. மிக விலையுயர்ந்த கணினியிலும் இது நடக்கிறது. அறியும் வழி: அதே இடத்துக்குத் திரும்பப் போங்கள். முதல் தடவை உறைந்து, இரண்டாம் தடவை உறையாவிட்டால் ஷேடர்தான். தொகுத்தவை வட்டில் சேமிக்கப்பட்டிருக்கும். கார்டை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தால் பெரும்பாலும் அவை மீண்டும் தொகுக்கப்பட வேண்டும். புதிய டிரைவர் போட்ட அன்று எல்லாம் மோசமாகிவிட்டதே என்று அலற வேண்டாம்.

கடிகாரம் போல ஒழுங்கான இடைவெளியில் தடக்கினால் பின்னணியில் ஓடும் மென்பொருள் ஒன்றைத் தேடுங்கள். விளக்குகளின் நிறம் மாற்றும் மென்பொருள், விளையாட்டை ஓயாமல் பதிவுசெய்யும் வசதி, வெப்பநிலையை நொடிக்கொரு தடவை கேட்கும் கண்காணிப்பு மென்பொருள் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். புதிதாக விண்டோஸ் போட்ட முதல் நாளில் அது பின்னணியில் புதுப்பிப்புகளை இறக்கி, கோப்புகளை அட்டவணைப்படுத்திக்கொண்டே இருக்கும். ஒருநாள் விட்டுவிட்டு அளந்தால்தான் அளவு உண்மையாக இருக்கும்.

நாளுக்கு இரண்டொரு தடவை முழுக் கணினியும் ஓரிரு செக்கன் உறைந்து, சத்தமும் கரகரத்து, மீண்டும் ஓடுகிறதா? புரொசசர் ஏஎம்டி ரைசனா? அப்படியானால் பயோஸைப் புதுப்பியுங்கள். பாதுகாப்புக்கான எஃப்டிபிஎம் என்ற பகுதியால் இப்படி நடப்பதை ஏஎம்டி நிறுவனமே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. ஏஎம்டி தரும் ஏஜெசா என்ற அடிப்படை நிரலின் 1.2.0.7 பதிப்புடன் வந்த பயோஸில் அதற்குத் திருத்தம் வந்துவிட்டது. கடையில் நெடுநாள் கிடந்த தாய்ப்பலகை, அல்லது கைமாறி வந்த தாய்ப்பலகை என்றால் அதில் பழைய பயோஸ் இருக்கக் கூடும். புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் பலகை கெட்டுவிடலாம். யுபிஎஸ் இருக்கும் வீட்டில் வைத்துச் செய்யுங்கள்.

கச்சான் காற்றும் கணினியும்

தொடங்கும்போது நன்றாக ஓடி, இருபது நிமிடம் கழித்துத் திணறினால் இரண்டு சந்தேகங்கள். முதலாவது வெப்பம்.

இணையத்தில் நாம் பார்க்கும் பரிசோதனைகளை வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் 20 முதல் 23 பாகை செல்சியஸ் உள்ள அறையில் செய்கிறார்கள். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ கச்சான் என்ற சூடான வறண்ட காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரை போட்ட அறை பகலில் 34 பாகையைத் தாராளமாகத் தொடும். காற்றால் குளிரும் கணினி அறையின் வெப்பத்துக்குக் கீழே போக முடியாது. அவர்கள் அறையில் 75 பாகை காட்டிய புரொசசர் எங்கள் அறையில் 86க்கு மேல் காட்டும். இந்தப் பத்துப் பன்னிரண்டு பாகை எங்கள் மண்ணின் வரி. பாகங்களைத் தெரிவுசெய்யும்போதே அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நல்ல குளிர்விப்பானுக்கும் காற்றோட்டமான பெட்டிக்கும் செலவிடுவது நிற விளக்குகளுக்குச் செலவிடுவதைவிட எத்தனையோ மடங்கு பயன் தரும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியால் மூடிய பெட்டியை இந்த ஊருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

புரொசசர் 90, 95 பாகையைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் தடக்கலாகத் தெரிகிறது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பநிலையையும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு மறுபடி விளையாடுங்கள். வெப்பம் சட்டென்று இறங்கினால் பெட்டிக்குள் காற்று போகவில்லை என்று பொருள். மின்விசிறிகளில் ஒன்று தலைகீழாகப் பூட்டப்பட்டிருக்கலாம். கதவு திறந்தும் இறங்கவில்லை என்றால் குளிர்விப்பான் புரொசசரில் சரியாகப் படியவில்லை. அதன் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பூட்டிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. கழற்றி, உரித்து, வெப்பம் கடத்தும் பசையைப் புதிதாகப் பூசிப் பூட்டினால் சரி.

இரண்டாவது சந்தேகம் கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம். ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிகாபைட் பதிப்பில் அந்த நினைவகம் செக்கனுக்கு 360 ஜிகாபைட் வேகத்தில் தரவு தரும். அது நிரம்பி வழிந்தால் மீதித் தரவு கணினியின் ரேமிலிருந்து வர வேண்டும். கார்டைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் அந்த வெளிப்பாதையின் உச்ச வேகம் ஏறத்தாழ 32 ஜிகாபைட். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற மலிவு கார்டுகளில் நினைவகமும் 4 ஜிகாபைட்தான், வெளிப்பாதையும் மற்றக் கார்டுகளின் நாலில் ஒரு பங்குதான். பழைய தாய்ப்பலகையில் போட்டால் அந்தப் பாதையின் வேகம் இன்னும் பாதியாகும். இருந்தும் அதை வைத்து விளையாட வழி உண்டு. பொருட்களின் மேற்பரப்புப் படங்களான டெக்ஸ்சர்களின் தரத்தை ஒரு படி குறையுங்கள். நிழல், ஒளி, தூரம் என்று எல்லாவற்றையும் குறைத்துவிட்டு டெக்ஸ்சரை மட்டும் உச்சத்தில் வைத்திருப்பவர்கள் அதிகம். இந்த வகைத் தடக்கலுக்கு அதுதான் நேர்மாறான மருந்து.

கூட்டம் சேரும் இடத்தில் மட்டும் திணறினால் புரொசசர் ஈடுகொடுக்கவில்லை. கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 97, 98 என்று நின்றால் அது முழுதாக உழைக்கிறது. 50, 60 என்று நின்றால் அது புரொசசருக்காகக் காத்திருக்கிறது. அப்போது கார்டை மாற்றுவது வீண். விளையாட்டில் ஆட்களின் எண்ணிக்கை, பார்வைத் தூரம் போன்றவற்றைக் குறைத்தால் உதவும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். வோல்டேஜ் குறைவதால்தான் விளையாட்டு தடக்குகிறது என்று எங்கள் பகுதியில் பலர் நம்புகிறார்கள். பவர் சப்ளை என்று சொல்லும் மின்வழங்கியின் சக்தி போதாமல் போனால் கணினி பெரும்பாலும் திடீரென்று அணையும், அல்லது தானாக மீண்டும் தொடங்கும். அணையாமல் தடக்கிக்கொண்டே ஓடும் கணினிக்கு மின்வழங்கியை மாற்றுவது கடைசியாகச் செய்ய வேண்டியது.

காரணம் தெரிந்து திருத்திய பிறகு ஒன்று செய்யுங்கள்: பிரேம் எண்ணிக்கைக்கு ஒரு மேல் வரம்பு வையுங்கள். 80க்கும் 130க்கும் இடையில் ஏறி இறங்கும் விளையாட்டை 80இல் கட்டிவைத்தால், எண் குறைந்தாலும் கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். பஸ் குறைவாக இருந்தாலும் நேரத்துக்கு வந்தால் தரிப்பிடத்தில் நிற்பவருக்கு அது போதும். வெப்பமும் குறையும், மின்விசிறியின் சத்தமும் அடங்கும். திரையில் ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் வசதி இருந்தால் இயக்கிவிடுங்கள். பிரேம் தயாராகும் நேரத்துக்கேற்பத் திரை தன்னை மாற்றிக்கொள்ளும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அளந்து பாருங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். காணொளி ஒன்றில் பார்த்த இருபது மாற்றங்களை ஒரே இரவில் செய்தால், எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே சொடுக்கில் கணினியை வேகமாக்குவோம் என்று வரும் மென்பொருள்களைக் கிட்டவும் சேர்க்காதீர்கள்.

அன்று பின்னேரம் ரேமை இடம்மாற்றி, வேகத்தைச் சரிசெய்து, விளையாட்டை எஸ்எஸ்டிக்கு மாற்றி முடிக்கும்போது ஆறு மணியாகிவிட்டது. தங்கை தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன அண்ணா, இன்னும் எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றதும் நம்பாமல் மகனைப் பார்த்தாள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிரேம் டைம் கோடு தட்டையாக ஓடிக்கொண்டிருந்தது. புதிய ஊருக்குள் நுழைந்தபோது ஒரேயொரு தடவை முள் எழுந்தது. அவன் விளையாட்டை நிறுத்தி, வந்த வழியே திரும்பி, அதே வாசலால் மறுபடி உள்ளே போனான். இம்முறை கோடு அசையவில்லை.

"ஷேடர், மாமா" என்றான்.